ஜன்னலோரப் பேழை

‘தென்முத்து’ கப்பலில் ஒவ்வொரு நாளும் இரண்டு முறை நடந்தது. முதலில் நிழலில், பிறகு நிஜத்தில்.

மனிதர்கள் கண்விழித்துப் பல் தேய்ப்பதற்கு முன்பே, கப்பலின் மூளையாகிய நிரலி அன்றைய நாள் முழுவதையும் நிழற்கப்பலில் ஓட்டிப் பார்த்துவிடுவாள். நிழற்கப்பல் என்பது அவள் நினைவுக்குள் மட்டும் மிதந்துகொண்டிருந்த அச்சு அசலான நகல். அதில் எல்லாக் கதவுகளும் ஒருமுறை திறந்து மூடும். எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் வரும். கப்பல் தலைவர் சுடலைமுத்துவின் காலைக் காப்பி நிழலில் ஒருமுறை கொதித்து அடங்கும். கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான சோதனை எந்திரன்கள் ஓடி ஓடிப் பொத்தான்களை அழுத்தி, ‘இது நடந்தது, இதுவும் நடந்தது’ என்று பச்சைக்கொடி காட்டும். அத்தனையும் பச்சை என்றால்தான் கூரையில் சூரிய விளக்கு எரியும். ஒன்றே ஒன்று சிவப்பாகிவிட்டாலும் அன்றைக்குப் பொழுது விடியாது. சரிசெய்யும்வரை எல்லாரும் இருட்டில் தட்டுத் தடுமாறி, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

எல்லாரும் என்றால் அதிகம் பேர் இல்லை. விழித்திருந்தவர்கள் ஒரு பந்திக்குக்கூடத் தேறமாட்டார்கள். மற்ற நாலாயிரம் பேரும் உறைதுயிலில் இருந்தார்கள். தூத்துக்குடிச் சீமையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்ட காலத்தில் அங்கிருந்து கிளம்பியவர்கள். கண்ணாடிப் பேழைக்குள் கல்லாக உறைந்து, இருநூறு ஆண்டுகளாக, மருதம் என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு பச்சைக் கோளை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஆறு ஆண்டுத் தொலைவில், ‘தென்னலை’ என்ற இன்னொரு கப்பலும் வந்துகொண்டிருந்தது. அதன் மூளைக்குப் பெயர் சரளி. நிரலியையும் சரளியையும் ஒரே பட்டறையில் ஒன்றாக உருவாக்கியிருந்தார்கள். இருவரும் நாள்தோறும் பேசிக்கொள்வார்கள். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எந்த மனிதரும் கேட்டதில்லை.

நிரலிக்கான சோதனைகளை எழுதுவது ரெஜினாவின் பொறுப்பு. அவள் வேலையைப் புரிந்துகொள்ள, கப்பலின் கட்டுப்பாட்டுப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேருக்குத்தான் பலகை. உண்மையில் அது ஒரு பக்கம். நம் காலத்து இணையப் பக்கத்தின் பேரனுக்குப் பேரன் என்று வைத்துக்கொள்ளலாம். கப்பல் என்ற பெரிய பெட்டி, அதற்குள் கூடங்கள், கூடத்துக்குள் வரிசைகள், வரிசைக்குள் பேழைகள், பேழைக்குள் வெப்பம், காற்று, மருந்து என்று பொத்தான்கள். அந்தப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் கப்பலில் அது நடக்கும். ஆனால் சோதனை எந்திரனிடம் ‘அந்தா இருக்கு பாரு’ என்று விரலை நீட்டிக் காட்ட முடியாது. எதை அழுத்த வேண்டும் என்பதை வார்த்தையால் சுட்டிக் காட்ட வேண்டும். அப்படி எழுதும் வாசகத்துக்குச் சுட்டி என்று பெயர்.

சுட்டியில் பல வகை உண்டு. பேழை என்ற இனம் முழுவதையும் ஒரே சொல்லால் சுட்டலாம். ‘அவசரம்’ என்று பெயர் தாங்கிய பொத்தான் என்று, அடையாளம் சொல்லி ஒன்றே ஒன்றைச் சுட்டலாம். அல்லது இடத்தைச் சொல்லிச் சுட்டலாம்: ஆறாம் கூடத்துக்குள், நான்காம் வரிசைக்குள், ஏழாவது பேழை. இடத்தைச் சொல்வது சுலபம். ஆனால் நடுவில் யாராவது புதிதாக ஒன்றைச் செருகிவிட்டால் ஏழாவது எட்டாவதாகிவிடும். அதைப் பற்றி எந்திரன் அலட்டிக்கொள்ளாது. இப்போது ஏழாவதாக எது இருக்கிறதோ அதை அழுத்திவிட்டு, மார் தட்டிக்கொண்டு பச்சைக்கொடி காட்டும். ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது என்பதுதான் அதற்குத் தெரியும். கிடைத்தது தேடியதுதானா என்பது தெரியாது.

இது ரெஜினாவுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். தெரிந்தும் நாலாயிரம் பேரையும் அவள் இடத்தைச் சொல்லித்தான் சுட்டினாள். கப்பலில் ஏறும்போது ஒவ்வொருவர் கையிலும் பேழை எண் போட்ட சீட்டைக் கொடுத்திருந்தார்கள். பேழைகள் தரையோடு திருகி இறுக்கப்பட்டவை, நகராது. அதில் படுத்த மனிதர் இருநூறு ஆண்டு புரண்டுகூடப் படுக்கப்போவதில்லை. இதைவிட உறுதியான இடம் இந்தப் பிரபஞ்சத்தில் உண்டா என்று நினைத்தாள். கூடவே, பேழையில் தொங்கும் துணி, ஒட்டிய தாள் இவையெல்லாம் ‘அலங்காரம், பொருட்படுத்த வேண்டாம்’ என்று ஒரு வரியும் சேர்த்துவைத்தாள். மாலையும் கழுத்துமாக ஏறுகிற ஜனங்கள். அதையெல்லாம் எந்திரன் ஆராய்ந்துகொண்டிருந்தால் வேலை நடக்குமா?

அந்த ஏழாவது பேழைதான் அவள் கணவன் கஸ்பாருக்கு ஒதுக்கப்பட்டது. மாலுமிகளுக்குத் தனிக்கூடம், பயணிகளுக்குத் தனிக்கூடம் என்பது விதி. மாலுமிகள் முறைவைத்து விழிப்பார்கள், முறைவைத்து உறங்குவார்கள். ரெஜினா கப்பல் கிளம்பியபோது ஒருமுறை விழித்திருந்தாள். இது அவளுக்கு இரண்டாவது முறை. கஸ்பார் படகு இன்ஜின் பழுதுபார்க்கிறவன். பேச்சு வருவதற்கு முன் சிரிப்பு வந்துவிடும் அவனுக்கு. ஏறும் நாளன்று வாசலில் நின்று அவளிடம் கேட்டான்: "ஒனக்கும் ஒரு எடம் போட்டு வைக்கட்டா?"

"எனக்குத் தனி ரூமு இருக்கு. நீங்க ஒழுங்கா ஒங்க நம்பரப் பாத்துப் படுங்க" என்று சிரித்துவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அதுதான் கடைசியாக அவர்கள் பேசியது.

மருதம் தெரிய ஆரம்பித்த அன்று கப்பலில் யாரும் வேலை செய்யவில்லை. முதலில் ஒரு கடுகு. பிறகு ஒரு பட்டாணி. பிறகு பார்வை முழுவதையும் அடைத்துக்கொண்டு, பச்சையும் நீலமுமாய், மேல்விளிம்பில் மெல்லிய ஒளிக்கோடோடு, இத்தனை நாள் நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்பதுபோல் அது வந்து நின்றது. கப்பல் தலைவர் சுடலைமுத்து எதற்கும் அசராத மனிதர். அவரே ஆறிப்போன காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார். இரண்டு பெரிய ஆறுகள் சேரும் இடத்தில் பரந்த சமவெளி ஒன்று தெரிந்தது. இறங்கினால் அங்கேதான் இறங்க வேண்டும் என்று நிரலியும் சொன்னாள், மனிதர்களும் சொன்னார்கள்.

உறங்குகிறவர்களை எழுப்பும் வேலை தொடங்கியது. அது மூன்று கட்டம். முதலில் பேழையை இம்மியளவு சூடாக்கி நாடி தேட வேண்டும்; முழுக்குளிரில் எந்தக் கருவிக்கும் நாடி சிக்காது. அடுத்து விழிப்பூசி. வயது, எடை, நோய் எல்லாம் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கலந்துவைத்த மருந்து அது. ஒருவருக்கு உயிர் கொடுப்பது இன்னொருவருக்கு ஏறினால் ஆளையே முடித்துவிடும். கடைசியில் மூடியைத் திறப்பது. நிழற்கப்பலில் இந்த நாலாயிரம் பேரும் எத்தனையோ ஆயிரம் முறை எழுந்து சோம்பல் முறித்திருந்தார்கள். எல்லாம் பச்சை.

நிஜத்தில் நாடித்தேடல் நடந்தபோது ரெஜினா கட்டுப்பாட்டுப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூடம் கூடமாகப் பச்சை பரவியது. நாலாயிரம் இதயங்கள் இருநூறு ஆண்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்குவதைப் பார்க்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறாம் கூடம் வந்ததும் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"ஆறாம் கூடம், நான்காம் வரிசை, ஏழாவது பேழை" என்றாள் நிரலி. எப்போதும் எழுத்துத் தமிழில்தான் பேசுவாள். அவளை உருவாக்கியவர்கள் அப்படிப் பழக்கியிருந்தார்கள். "பயணி கஸ்பார். நாடி இல்லை. மூன்று முறை தேடிவிட்டேன். வருந்துகிறேன்."

நாலாயிரத்தில் ஒரே ஒரு சிவப்பு. அது அவளுடைய சிவப்பு.

அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சுடலைமுத்து அவள் தோளில் கை வைத்தார். "மனசத் தேத்திக்கோம்மா. இவ்வளவு தூரத்துல ஒரு ஆளு ரெண்டு ஆளு போறது... நாம என்ன செய்ய முடியும்?"

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அவனுடைய சுட்டியை எழுதியதே அவள்தான். நிழலில் ஒவ்வொரு நாளும் அவனை எழுப்பி, பச்சைக்கொடி பார்த்து, அதையே அவன் முகமாக நினைத்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, நான் போய்ப் பாக்கணும்" என்றாள்.

"அங்கன எல்லாம் ஆளு போற எடமாம்மா? குளிரு எலும்ப ஒடச்சிரும்."

"என்னைக்காச்சும் ஒருதடவ நேர்ல போய்ப் பாத்திருக்கோமா நாம? எந்திரன் சொல்லுதத வச்சே காலத்த ஓட்டிட்டோம். நான் போறேன்."

குளிர்க்கவசத்தை மாட்டிக்கொண்டு ஆறாம் கூடத்தின் கதவைத் திறந்தபோது அவள் தன் துக்கத்தைக்கூட ஒரு கணம் மறந்துபோனாள். கட்டுப்பாட்டுப் பக்கத்தில் அவளுக்கு அது சின்னச் சின்னப் பெட்டிகளாகத்தான் பழக்கம். இங்கே அது கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஓடியது. மூன்றடுக்கு மூன்றடுக்காகப் பேழைகள், ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் உட்புறம் வெண்பனி பூத்து, உள்ளே ஒரு மனித நிழல். ஒரு ஊரே மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தது. இத்தனை பேரும் தன் சொல்லை நம்பிப் படுத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கைப்பை, துணிமணி எதையும் கூடத்துக்குள் கொண்டுவரக் கூடாது, எல்லாம் சரக்கறையில் போட வேண்டும் என்பது கண்டிப்பான விதி. ஆனால் பார்த்த பேழை ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஏதோ ஒரு பை தொங்கியது. கட்டைப்பை, மஞ்சள் பை, பழைய பள்ளிக்கூடப் பை. நிரலியின் கண்கள் இருநூறு ஆண்டாக இவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. அலங்காரம், பொருட்படுத்த வேண்டாம்.

நான்காம் வரிசை கப்பலின் வெளிச்சுவரை ஒட்டி ஓடியது. அந்தக் கூடத்துக்கு ஒரே ஒரு வட்ட ஜன்னல். அந்த ஜன்னல் சரியாக ஏழாவது பேழைக்கு நேராக இருந்தது. மருதத்தின் பச்சை வெளிச்சம் அதன் வழியாகப் பேழைமேல் விழுந்துகொண்டிருந்தது.

பேழையின் மூடிமேல் ஒரு துண்டு விரித்துக் கிடந்தது. நீலக்கட்டம் போட்ட துண்டு. குளிரில் தகடு மாதிரி விறைத்திருந்தது.

அந்தத் துண்டு அவளுக்குத் தெரியும். வெயிலில் காயப்போட்டு மடித்த கை அவளுடையது. இறந்துபோனவன்மேல் யார் இதைப் போர்த்தினார்கள்? மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். கீழே கண்ணாடியில் பனியே இல்லை. பளிங்கு மாதிரித் தெளிவாக இருந்தது. உள்ளே படுக்கை, தலையணை, கட்டாத வார்ப்பட்டை. ஆள் இல்லை. யாரும் அதில் ஒருபோதும் படுத்ததே இல்லை.

துண்டைக் கையில் பிடித்தபடி ரெஜினா நின்றாள். காலியான இடத்தில் விரித்துப் போட்ட ஒரு துண்டு. பிரபஞ்சத்தில் வேறு எந்த அறிவுக்கும் அது விளங்கியிருக்காது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த பரம்பரையில் வந்தவளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மெல்லத் தலையைத் திருப்பி அடுத்த பேழையைப் பார்த்தாள். எட்டாவது. அதன் கண்ணாடி முழுக்க வெண்பனி. கைப்பிடியில் ஒரு கட்டைப்பை தொங்கியது. அதில் பெயின்டால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ‘தி. கஸ்பார், திரேஸ்புரம்’.

"நிரலி!" என்று கவசத்துக்குள் கத்தினாள். "எட்டாவது பேழையில யாரு?"

"எட்டாவது பேழைக்குரிய பயணி கப்பலில் ஏறவில்லை. அதில் யாரும் இல்லை."

"ஆளு இருக்காவ."

"பட்டியலில் இல்லை."

"பட்டியலத் தூக்கிக் கடல்ல போடு!"

"அருகில் கடல் இல்லை" என்றாள் நிரலி.

"சரி, அந்தப் பேழைய இம்மியளவு சூடாக்கு. நாடி பாரு."

"இல்லாத ஒருவரை எழுப்ப எனக்கு ஆணை இல்லை. என் சுட்டிகள் எதுவும் அங்கே சுட்டவில்லை."

அவள் எழுதாததை, அவள் எழுதிக்கொடுத்தபடி நடக்கிற எந்திரம் பார்க்காது. அது நிரலியின் குற்றம் இல்லை. எட்டாம் பேழையை யாரும் எந்தக் காலத்திலும் தேடியிருக்க மாட்டார்கள். எல்லாரும் எழுந்து, இறங்கி, வீடு கட்டி, குழந்தை குட்டி பெற்று வாழ்ந்திருப்பார்கள். அவன் மட்டும் காலிக் கப்பலில், பட்டியலில் இல்லாதவனாக, என்றென்றைக்கும் படுத்துக் கிடந்திருப்பான்.

விரல் மரத்துப்போன கையால், முழங்கைத் திரையில் பக்கத்தைத் திறந்தாள். ‘அலங்காரம், பொருட்படுத்த வேண்டாம்’ என்ற வரியை முதலில் அழித்தாள். பிறகு அவள் வாழ்க்கையிலேயே மிக முக்கியமான சுட்டியை எழுதினாள். எண் இல்லை, வரிசை இல்லை. ஆறாம் கூடத்துக்குள், ‘கஸ்பார்’ என்ற எழுத்து தாங்கிய பை தொங்கும் பேழை.

"தேடுகிறேன்" என்றாள் நிரலி. "ஒன்று கிடைத்தது."

"சூடாக்கு."

அந்தக் காத்திருப்பு இருநூறு ஆண்டைவிட நீளமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மருதத்தின் மேகங்கள் சாவகாசமாக நகர்ந்தன. பேழைக்குள் இருப்பது அவன்தானா, அவன் பை மட்டும்தானா? ஆள் ஒரு பக்கம், பை ஒரு பக்கமாகப் போயிருந்தால்? இல்லை. ஆள் எந்த இடத்துக்கு மாறினாலும் பை கூடவே போகும். தன் பையை முன்பின் தெரியாத இடத்தில் விட்டுவிட்டுத் தூங்குகிற மனிதன் அவள் ஊரில் பிறக்கவில்லை.

"நாடி உண்டு" என்றாள் நிரலி. சற்றுப் பொறுத்து, கேட்காமலேயே சேர்த்துக்கொண்டாள்: "நன்றாகவே உண்டு."

ரெஜினா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகக்கவசத்துக்குள் கண்ணீரைத் துடைக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. பேழையின் பக்கத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வர, சற்றுநேரம் இருந்தாள். கலங்கிய கண் தானாக எதிர்வரிசைப் பைகளின்மேல் போனது.

கீழடுக்கில் ஒரு பேழை. அதன் எண் அவளுக்கு மனப்பாடம். அமலி என்ற சின்னப் பெண்ணுக்கு ஒதுக்கியது. தொங்கிய பையிலோ ‘பால்வண்ணன், ஓய்வுபெற்ற தாசில்தார்’ என்று இருந்தது. பக்கத்துப் பேழை ஒரு மீன் வியாபாரியுடையது. பையில் இருந்தது ஒரு டீச்சரம்மாவின் பெயர். அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்றுகூடச் சரியில்லை. ரெஜினா துள்ளி எழுந்தாள். பிள்ளையின் மருந்து தாசில்தாருக்கும், தாசில்தாரின் மருந்து அந்தப் பிள்ளைக்கும் ஏறினால்?

"நிரலி, ஊசிய நிறுத்து! எல்லாத்தையும் நிறுத்து!"

விழிப்பூசியின் முனைகள் நாலாயிரம் பேழைகளிலும் ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தன. அவை அந்தரத்தில் அப்படியே நின்றன.

அன்றைக்கு நிரலி கூடம் கூடமாக எல்லாப் பைகளையும் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரலில் ஒரு மாற்றம் தெரிந்தது. எந்திரத்துக்கு வியப்பு வருமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு வேறு பெயர் சொல்லவும் தெரியவில்லை. தனக்குரிய பேழையில் படுத்தவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மேலடுக்கில் இடம் கிடைத்தவர்கள் முழங்கால் வலி என்று கீழடுக்குக்கு வந்திருந்தார்கள். கீழடுக்குக்காரர் குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று எதிர்வரிசைக்குப் போயிருந்தார். எதிர்வரிசைக்காரர் மருமகன் குறட்டை விடுவான் என்று பக்கத்துக் கூடத்துக்கே போய்விட்டார். இருநூறு ஆண்டு பிணம்போல உறையப்போகிறவர்களுக்கு முழங்காலாவது குறட்டையாவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வாசலில் எந்திரன் சீட்டைப் பார்த்து உள்ளே விட்ட பிறகு, பேழைகள் மூடிக்கொள்வதற்கு முன் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், அத்தனை பேரும் அக்காவாகவும் அண்ணாச்சியாகவும் ஆகிக் கலந்துவிட்டார்கள்.

இடைஞ்சல் ஒன்று வந்தது, இல்லாமல் இல்லை. மூன்றாம் கூடத்தில் பதினேழு பேர் தாங்கள் எல்லாரும் ‘ஸ்டீபன் – ஜாஸ்மின்’ என்றார்கள். அதாவது அவர்கள் பைகள் சொல்லின. ஒரே கல்யாணத்தில் வாங்கிய தாம்பூலப் பைகள். "பதினேழு மணமக்கள்" என்றாள் நிரலி கவலையோடு. அவர்களைக் கடைசியில் வைத்துக்கொண்டார்கள். விழித்த உறவினர்கள் வந்து, பை நைந்திருக்கிற விதத்தைப் பார்த்தே ஆளைச் சொன்னார்கள்.

ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்தார்கள்.

கஸ்பார் கண் திறந்ததும் முதலில் சிரித்தான். பேச்சு பிறகுதான் வந்தது. "ஏட்டி, வந்துட்டியா? ஜன்னல் எடத்த ஒனக்குப் போட்டு வச்சேன் பாத்தியா? பக்கத்து ஆளு வரல. நான் இங்கன தள்ளிப் படுத்துக்கிட்டேன்."

"ஒங்கள செத்துட்டீயன்னு சொல்லிட்டாவ" என்று அவன் தோளில் ஓங்கி அடித்தாள். அடித்த கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள். "எனக்குத் தனி ரூமு இருக்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?"

"சொன்ன."

நிரலி குறுக்கிட்டாள். அவளாக மனிதர் பேச்சில் குறுக்கிட்டது அதுவே முதல் முறை. "கஸ்பார், அவர் வரமாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். பிறகு ஏன் இடம் பிடித்தீர்கள்?"

"வந்தா?"

"வரும் வாய்ப்பே இல்லை. விதி அனுமதிக்காது."

"அது சரி. ஆனா வந்தா எடம் வேணும்லா?"

ஒரு கண் சிமிட்டலுக்குள் ஒரு நாளை முழுதாக வாழ்ந்துவிடுகிற நிரலி, அந்த மாலை முழுவதும் கஸ்பாரின் ‘வந்தா?’ என்ற ஒரு சொல்லையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

கப்பல் தலைவருக்கு மட்டும் ஆத்திரம் தீரவில்லை. நாலாயிரம் பேரையும் பெரிய கூடத்தில் கூட்டிவைத்து விளாசித் தள்ளினார். "ஒரு பிள்ள செத்துருக்கும் தெரியுமா? ஒழுங்கா இருந்தா என்ன கொறஞ்சி போயிருவீய? மருதத்துல இந்த வேலையே கெடையாது. ஆளுக்கு ஒரு மனை, மனைக்கு ஒரு நம்பரு. துண்டு போடக் கூடாது, கர்ச்சீப் போடக் கூடாது, நான் அங்கிட்டு மாறிக்கிடுதேன், நீ இங்கிட்டு மாறிக்கோன்னு ஒரு சத்தம் வரக் கூடாது. புரியுதா?" எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஓய்வுபெற்ற தாசில்தார்தான் எல்லாரையும்விடத் தாழக் குனிந்துகொண்டார்.

இறங்கும் நாள் வந்தது. பொழுது விடியவில்லை.

நாலாயிரம் பேரும் இருட்டில் நின்றார்கள். "என்னாச்சு, ஒத்திகை செவப்பா?" என்று தலைவர் அலறினார். ரெஜினா பக்கத்தைத் திறந்தாள். இறங்கும் சோதனைதான் சிவப்பாகியிருந்தது. அவள் முறையாக எழுதிய சுட்டி: ‘இறங்குமிடம்’ என்று பெயர் தாங்கிய சமவெளி. அதன் கீழே நிரலியின் குறிப்பு: ‘சுட்டிய இடம் இருக்கிறது. அழுத்த முடியவில்லை. வேறொரு பொருள் மேலே மூடியிருக்கிறது.’

"என்ன பொருளு?" என்றார் தலைவர்.

முன்கூட்டியே தரையில் இறக்கியிருந்த முன்னோடி எந்திரன்களின் கண் வழியாகப் பெரிய திரையில் மருதம் விரிந்தது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. முதன்முறையாக அவ்வளவு அருகில் பார்க்கிறார்கள். இரண்டு ஆறுகளும் வெயிலில் மின்னிக்கொண்டு ஒன்றாகக் கலந்தன. மனிதக் கால் படாத புல் அலை அலையாகச் சாய்ந்து எழுந்தது. அந்தச் சமவெளியில், ஆற்றை ஒட்டிய ஆக நல்ல பாதியில், ஒரு பிரம்மாண்டமான வெள்ளைத் துணி விரித்துக் கிடந்தது. அந்த எந்திரன்களை இறக்கிய சரக்குக் கலத்தின் பாராசூட் துணி. காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் கல் வைத்திருந்தது.

"எவம்ல அது?" என்று சுடலைமுத்து கூட்டத்தைப் பார்த்து உறுமினார். நாலாயிரம் பேரும் ஒரே நேரத்தில் கஸ்பாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன், ‘சத்தியமா நான் இல்ல’ என்று கையை விரித்தான்.

"நான்தான்" என்றாள் நிரலி. "முன்னோடி எந்திரன்களை அனுப்பி நான்தான் விரிக்கச் சொன்னேன். பின்னால் தென்னலையில் சரளி வந்துகொண்டிருக்கிறாள்."

"அவ வர இன்னும் ஆறு வருசம் ஆகும். அதோட அவளுக்கு வடக்க தனியா எடம் ஒதுக்கியிருக்கு. எழுத்துல இருக்கு."

"தெரியும்."

"பொறவு என்னத்துக்கு?"

"வந்தால்?" என்றாள் நிரலி.

ரெஜினா இருட்டில் கஸ்பாரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். தலைவர் விதியைச் சொன்னார், எண்ணைச் சொன்னார், பெரிய கூடத்தில் தான் பேசிய பேச்சை எடுத்துச் சொன்னார். எல்லாவற்றையும் நிரலி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, இருநூறு ஆண்டில் எழுத்துத் தமிழைத் தவிர வேறு பேசாதவள், கொஞ்சம் தயங்கி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க அண்ணாச்சி."

கப்பல் சற்றுத் தள்ளி இறங்கியது.